வலிப்புதான் நின்றுவிட்டதே, மாத்திரை எதற்கு?

தலைப்பில் உள்ள கேள்வியை நான் கேட்டதில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். விவரம் தெரியாமல் யோசனை சொன்னேன்.

2011ஆம் ஆண்டு, எங்கள் தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டில் ஒரு பையன் படித்தான். கெட்டிக்காரன், வாய்ப்பாட்டைப் பாட்டு மாதிரிச் சொல்லுவான். திடீரென்று வலிப்பு கண்டு, ஆஸ்பத்திரியில் பினோபார்பிடோன் மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து வாரமாக வலிப்பு வரவில்லை. ஆனால் வகுப்பில் மேசைமேல் தலையை வைத்துத் தூங்கி வழிந்தான். அவன் அம்மா செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குபவர். ஒருநாள் பள்ளி வாசலில் அவரைப் பார்த்தபோது, "பிள்ளை படிப்பே கெட்டுவிடும் போலிருக்கிறது, மாத்திரையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துப் பாருங்களேன்" என்றேன். "நீங்க சொன்னா சரிங்க டீச்சர்" என்று போய்விட்டார்.

அவர் காலை மாத்திரையை நிறுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. பையன் தெளிவாக இருக்கிறானே என்று இரவு மாத்திரையையும் நிறுத்தினார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. நானும், "பார்த்தீர்களா, இப்போது நன்றாகப் படிக்கிறான்" என்றேன். ஒன்பதாம் நாள் காலைச் சபையில், தேசிய கீதம் முடியுமுன் விழுந்தான்.

கைகால் வெட்டி இழுத்தது, நின்றது, கண் விழிப்பதற்குள் மறுபடி இழுத்தது. ஜாகா ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். யாரோ பல் கிட்டாமலிருக்கக் கரண்டியை வாயில் வைத்தார்கள். முன்பல் ஒன்று உடைந்ததுதான் மிச்சம். தலைமையாசிரியர் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இருபது நிமிடத்துக்கு மேலாகியும் இழுப்பு நிற்கவில்லை. அங்கே ஆசனவாய் வழியாக மருந்து ஏற்றிய பிறகே அடங்கிற்று. அந்த மருந்தின் பெயர் டயசிபாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிழைத்துக்கொண்டான். வராந்தாவில் உட்கார்ந்திருந்த என்னிடம் வார்டு மிஸி கேட்டார்: "மருந்தைக் குறைக்கச் சொன்னது எந்த டாக்டர்?" அந்த அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே சொன்னேன். மிஸி ஏசவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். அன்று அவரிடம் கேட்டதையும், பின்பு படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் மூளை மின்சாரத்தால் ஓடுகிறது. ஒரு நரம்பு அடுத்ததைத் தட்டி எழுப்பும். அளவு மீறாமல் அடக்கி வைக்க இன்னொரு ஏற்பாடும் உண்டு. அடக்கும் வேலையைச் செய்யும் பொருளுக்குக் காபா என்று பெயர். காரின் பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலிப்பு என்பது பிரேக் பிடிக்காமல் நரம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் சீறுவது. பினோபார்பிடோன் அந்தப் பிரேக்குக்குப் பலம் கூட்டுகிறது. நோயின் வேரை அது பிடுங்குவதில்லை. அணைக்கட்டு மாதிரி நிற்கிறது. கட்டை எடுத்தால் தண்ணீர் பழைய வழியில்தான் வரும். பழகிய பிரேக்கைத் திடீரென்று எடுத்தால் முன்னைவிட வேகமாகவும் வரும்.

அப்படியானால் முதல் எட்டு நாள் ஏன் ஒன்றும் ஆகவில்லை? நாங்கள் ஏமாந்தது இங்கேதான். இந்த மாத்திரை இன்று நிறுத்தினால் நாளை உடம்பைவிட்டுப் போய்விடாது. பெரியவர்களின் இரத்தத்தில் அது பாதியாகக் குறையவே மூன்று நான்கு நாளாகும். பிள்ளைகளுக்குச் சற்று விரைவில். மிச்சமிருக்கும் மருந்து காத்துக்கொண்டிருக்கிறது. நாமோ மாத்திரை தேவையே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். நேர்த்திக்கடன் தீர்த்த மறுவாரம் மாத்திரையை எறிந்த குடும்பங்களையும் எனக்குத் தெரியும். பத்துமலைக்குப் போங்கள், கயிறு கட்டுங்கள், நானும் முருகனைக் கும்பிடுகிறவள்தான். மாத்திரையையும் கொடுத்துவிட்டுப் போங்கள். விரத நாளிலும் அதை நிறுத்தக் கூடாது.

தூக்கத்துக்கும் காரணம் உண்டு. பினோபார்பிடோன் முதலில் தூக்க மருந்தாகத்தான் வந்தது. 1912இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரெட் ஹவுப்ட்மான் என்ற இளம் டாக்டர், வலிப்பு நோயாளிகள் இரவில் தூங்கட்டும் என்று அதைக் கொடுத்தார். தூங்கினார்கள், அதோடு வலிப்பும் குறைந்தது. விலை குறைந்த அந்த மருந்து நூறாண்டு கடந்தும் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. பலருக்கு முதல் சில வாரத் தூக்கம் தானாகக் குறையும். சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக, ஓரிடத்தில் உட்காராத துறுதுறுப்பு வரும். தூக்கம் குறையாவிட்டால் அளவையோ நேரத்தையோ மருந்தையோ மாற்ற டாக்டருக்கு வழி இருக்கிறது. நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான்: "இதைக் கிளினிக்கில் சொல்லுங்கள்."

வேறு மாத்திரைகளும் உங்கள் வீட்டில் இருக்கலாம். பினிடாயின் 1938 முதல் வலிப்புக்குப் பயன்பாட்டில் இருக்கிறது. ஈறு தடிக்கும், பல்லை நன்றாகத் துலக்கினால் பெரும்பாலும் கட்டுப்படும். நடை தள்ளாடி, கண் ஆடினால், இரத்தத்தில் மருந்து கூடிவிட்டது என்று அர்த்தம். குடித்திருக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். கார்பமசிபைன் தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு தோல் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால், மஞ்சள் பூசிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அபூர்வமாகத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் நோயாக அது முற்றும். ஆசிய மக்களிடையே அந்த ஆபத்து கூடுதல்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சோடியம் வல்புரோயேட் சாப்பிடும் தாய்மார்களின் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று உடற்குறையோடு பிறக்கிறது. அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். கலியாணம் பேசும்போதே டாக்டரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து தானாக நிறுத்திவிடக் கூடாது. பெரிய வலிப்பு வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. நான் முன்னே சொன்ன மூன்று மருந்துகளும் கருத்தடை மாத்திரையின் வேகத்தைக் குறைத்துவிடும். இதை வெட்கப்படாமல் மிஸியிடம் பேசலாம்.

இப்போது டயசிபாம். வேலியம் என்ற பெயரில் 1963இல் வந்த இந்த மாத்திரையும் அதே பிரேக்கில்தான் வேலை செய்கிறது. நிற்காத வலிப்பை அடக்கும், மனப் பதற்றத்தைத் தணிக்கும், தூங்கவும் வைக்கும். அதனால்தான் நம் பக்கத்தில் அது கைமாறுகிறது. "எனக்கு நல்லாத் தூக்கம் வருது, உனக்கும் ரெண்டு தர்றேன்" என்று ஓர் அக்கா பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். அன்பாகத்தான் கொடுக்கிறார். ஆனால் இரவு பத்து மணிக்குப் போட்டது விடியற்காலையில் போய்விடுவதில்லை. பாதியாகக் குறையவே ஒருநாள், இரண்டு நாள் ஆகலாம், வயதானவர்களுக்கு அதற்கும் மேல். அந்த மயக்கத்தோடு பெரட்டுக்குப் போய், நீண்ட கழியில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுகிறவர் நிலையை நினைத்துப் பாருங்கள். மோட்டோர்சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் அதே கதிதான். கள்ளோ சம்சுவோ குடித்துவிட்டு மேலே இதையும் போட்டால், தூக்கத்திலேயே மூச்சு அடங்கிப்போகலாம். சளி, அரிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் தூக்கத்தைக் கூட்டும்.

சில வாரம் தொடர்ந்து சாப்பிட்டாலே உடம்பு அதற்குப் பழகிவிடும். பிறகு திடீரென்று விட்டால் நடுக்கம், வியர்வை, கண்மூடாத இரவுகள். சிலருக்கு, முன்பு வராத வலிப்பே வரும். இதையும் டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். நம் நாட்டில் 1952ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த விதிகளில் இவ்வகை மாத்திரைகள் அடங்கும். டாக்டர் எழுதாமல் கடையில் விற்கக் கூடாது.

ஒருவேளை மருந்தை மறந்துவிட்டால் என்ன செய்வது? நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே கிளினிக்குக்குப் போங்கள். சம்பள நாள் வரட்டும் என்று தள்ளிப்போட்டு, நடுவில் நாலு நாள் மருந்தில்லாமல் போவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடப்பது.

எதிரில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் இரும்பைத் தேடாதீர்கள். வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானே நிற்பதால், அந்தப் பெருமை சாவிக்குப் போய்ச் சேர்கிறது. தலைக்குக் கீழே துணியை மடித்து வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளிவு வருமுன் மறுபடி இழுத்தாலோ 999க்கு அழையுங்கள், அல்லது வண்டி எடுங்கள்.

அந்தப் பையனின் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், நாட்காட்டித் தாளைக் கிழிப்பதற்குமுன் அதில் காலை ஒரு கோடு, இரவு ஒரு கோடு போட ஆரம்பித்தார். கிழித்த தாள்களை ஒரு மைலோ டின்னில் சேர்த்து வைத்து ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் காட்டுவாராம். இரண்டு ஆண்டுக்கு மேல் வலிப்பே வரவில்லை. 2014இல் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார். கையில் டாக்டர் எழுதிய தாள். எந்த மாதம் எவ்வளவு குறைப்பது என்று ஆறு மாதக் கணக்கு அதில் இருந்தது.

"இந்தத் தடவ டாக்டரே சொல்லிட்டாரு டீச்சர். மலாய்ல எழுதியிருக்கு, கொஞ்சம் நிதானமாப் படிச்சிச் சொல்லுங்க" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று முறை படித்துக் காட்டினேன்.