மாத்திரைக்கு அடங்காத வலிப்பும் ஒரு சிறு கட்டியும்

வகுப்பில் பாடம் படித்துக்கொண்டிருந்த பையன் பாதி வரியில் நின்றுபோகிறான். பார்வை ஒரே இடத்தில் நிலைகுத்துகிறது. வாயைச் சப்புக்கொட்டுகிறான், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கிறான். ஓரிரு நிமிடம் கழித்துத் திருதிருவென்று விழிக்கிறான். நடந்தது எதுவும் நினைவில் இல்லை. கவனக்குறைவு என்கிறார் ஆசிரியர். எங்கேயோ பயந்திருக்கிறான் என்று வீட்டில் திருநீறு பூசுகிறார்கள். கை கால் இழுத்து நுரை தள்ளினால்தான் வலிப்பு என்றில்லை, இதுவும் வலிப்புதான். காதுக்கு மேலே உள்ள மூளை மடலில் கிளம்பும் வலிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

மாத்திரைக்கு அடங்காத இத்தகைய வலிப்போடு வரும் பிள்ளைகளில் சிலருக்கு, மூளையின் மேலுறையான புறணியில் அரிதான ஒரு கட்டி இருக்கும். மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக 'டி.என்.ஈ.டி.' என்பார்கள். 1988-இல் பாரிஸைச் சேர்ந்த நோய்க்குறியியல் மருத்துவர் கேத்தரின் தோமா-துபோர், சக மருத்துவர்களுடன் 39 நோயாளிகளை ஆராய்ந்து இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். அந்த 39 பேரில் 13 பேருக்கு அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சும் கொடுக்கப்பட்டிருந்தது; மற்ற 26 பேருக்கு இல்லை. பல ஆண்டுகள் கவனித்தும் இரு தரப்பிலும் எவருக்கும் கட்டி திரும்பவில்லை. அப்படியானால் அந்த 13 பேரின் இளம் மூளை தேவையில்லாமல் கதிர்வீச்சைத் தாங்கியிருக்கிறது. ஒரு கட்டிக்குச் சரியான பெயர் சூட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எனக்கு உணர்த்தியது இந்தக் கணக்குதான்.

எம்.ஆர்.ஐ. படத்தில் இது சிறுசிறு நீர்க்குமிழ்கள் சேர்ந்ததுபோல் தெரியும். சுற்றிலும் வீக்கம் இருக்காது. மிக மெதுவாக வளர்வதால் தலைவலி, வாந்தி போன்ற அழுத்த அறிகுறிகளும் அபூர்வம். நுண்ணோக்கியில் பார்த்தால், சிறிய வட்ட அணுக்கள் மூளையின் மேற்பரப்புக்குச் செங்குத்தாக வரிசைகட்டி நிற்கும். இடையிடையே கூழ் போன்ற பொருள் தேங்கிய குட்டைகள். அவற்றில் தன்னந்தனியாக மிதக்கும் நரம்பணுக்கள். அந்த மிதக்கும் நரம்பணுதான் இந்தக் கட்டியின் அடையாளம். அதைக் கவனிக்காமல் வட்ட அணுக்களை மட்டும் பார்த்தால், 'ஆலிகோடென்ட்ரோகிளையோமா' என்ற வேறொரு கட்டியாகத் தோன்றும். அதற்கான சிகிச்சையே வேறு. இப்போது மரபணுச் சோதனை கைகொடுக்கிறது. டி.என்.ஈ.டி.யில் பெரும்பாலும் எஃப்.ஜி.எஃப்.ஆர்.1 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் இதை முதல் தரத்தில், அதாவது மிகச் சாதுவான கட்டிகளோடு வைத்திருக்கிறது. முழுமையாக அகற்றிவிட்டால் பெரும்பாலோருக்கு வலிப்பு நின்றுவிடுகிறது. ஆண்டுகளைக் கடத்தினால் அந்த வாய்ப்பு குறையும்.

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளை உரிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று மருத்துவ உலகம் வரையறுத்திருக்கிறது. உங்கள் பிள்ளை அந்த நிலையில் இருந்தால் மூன்றாவது மாத்திரையோடு காத்திருக்காதீர்கள். வலிப்புக்கு அறுவை செய்யும் மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிலையத்தில் 1995 முதல் இந்த அறுவை நடக்கிறது.