பிரிந்திருந்தால்...?

துவாரகா பூங்காவில் காலை நடை முடிந்ததும் ஒரு வாதம்: 1962-ல் மாநிலங்களவையில் அண்ணா கேட்ட திராவிட நாடு கிடைத்திருந்தால்?

ரயில்வேயில் உழைத்த எனக்கு முதலில் தோன்றியது பெரம்பூர். 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பெட்டிகள் நாடெங்கும் ஓடுகின்றன. இடையில் சுங்கச்சாவடி முளைத்திருந்தால் அத்தனையையும் யார் வாங்கியிருப்பார்கள்? தெற்கு தேய்கிறது என்ற குறையில் நியாயம் உண்டு. பிரிவினை அதற்கு மருந்தல்ல என்பது என் கட்சி.

ஜனநாயகக் கணக்கு வேறு. 1962 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. 50 இடங்களை வென்றது. 1963-ல் வந்த பதினாறாவது திருத்தம், நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக வேட்பாளர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. கோரிக்கையும் அவ்வாண்டே கைவிடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று பிரிட்டனில் 2016-ல் மக்களையே கேட்டார்கள். இங்கும் கேட்டிருந்தால், சேர்ந்தே இருப்போம் என்று நம்மவர்களே சொல்லியிருக்கலாமே!

"தில்லியில் பென்ஷன் வாங்குகிறவர் வேறென்ன சொல்வீர்?" என்றார் நண்பர். அவரும் மத்திய சர்க்கார் பென்ஷன்காரர்தான்.