முதுமரங்களில் தொங்கும் லைக்கன்

இமயமலையின் குளிர்ந்த காடுகளில், முதிர்ந்த மரங்களின் கிளைகளிலிருந்து வெளிர்பச்சை நிறமுள்ள நீண்ட இழைகள் தொங்குவதுண்டு. தாவரவியலார் இதனை உஸ்னியா லாங்கிசிமா என்பர். இது காளானும் பாசியும் ஓருடலாய் இணைந்து வாழும் லைக்கன் வகையைச் சேர்ந்தது. பாசி சூரிய ஒளியின் துணையால் உணவு ஆக்குகிறது. காளான் அதற்கு உறைவிடம் அளிக்கிறது. மரத்தின் சாற்றை இது உறிஞ்சுவதில்லை. மழையும் மூடுபனியுமே நீர் தருகின்றன. சில இழைகள் 3 மீட்டர் வரையிலும் நீள்வதுண்டு.

ஸ்போர்கள் வாயிலாக இது பரவுவது அரிது. காற்றில் அறுந்த இழைத்துண்டு அருகிலுள்ள கிளையில் சிக்கி, அங்கே வளர்கிறது. இத்துண்டுகள் பெரும்பாலும் சில மீட்டர் தொலைவே செல்கின்றன. ஆகவே, பழங்காட்டை முற்றிலும் வெட்டிய இடத்தில் புதிய மரங்கள் ஓங்கி வளர்ந்தாலும், லைக்கன் எளிதில் திரும்புவதில்லை. ஸ்வீடன், நார்வே நாடுகளில் இது குன்றியதற்கு இதுவே முக்கிய காரணம். முதுமரங்கள் சிலவற்றையேனும் விட்டுவைத்தால், அவற்றினின்று இளமரங்களுக்கு இது பரவ இயலும்.