ஏழரை மணிக்குத் திரை, எத்தனை மணிக்கு இலை?

லண்டன் வெஸ்ட் எண்டில் மாலைக் காட்சி பெரும்பாலும் 7:30-க்குத் தொடங்கும். சில அரங்குகளில் 7 மணி. நம்ம ஊர்க்காரர்களுக்கு 'ஏழரை' என்றாலே கொஞ்சம் உதறும். இங்கே அந்த உதறலுக்கு நியாயமான காரணமும் உண்டு. ஏழரைக்கு நாடகம் என்றால் ராத்திரிச் சாப்பாட்டை எங்கே வைப்பது? முன்னாடியே முடிப்பதென்றால் ஐந்தரைக்கு உட்கார வேண்டும். அது நமக்கு டிபன் நேரம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் வெளியே வரும்போது பத்தரை ஆகிவிடும். பாதி ஓட்டல்களில் அடுப்பை அணைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்பது, "தியேட்டர் பக்கத்துல நல்ல ஓட்டல் எது?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "எத்தனை மணிக்கு அங்கேருந்து எழுந்து வரணும்?" ருசி, விலை எல்லாம் அதற்கு அப்புறம். நாடகத்துக்கு முந்தைய சாப்பாட்டில் நாம் தேர்ந்தெடுப்பது ஒரு முடிவு நேரத்தை. அந்த நேரத்தை எந்த ஓட்டல் நம்பகமாகத் தருகிறது என்பதுதான் கேள்வி.

இந்த நெருக்கடி எப்போதும் இருந்ததில்லை என்பது தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. ஷேக்ஸ்பியர் காலத்துத் திறந்தவெளி அரங்குகளில் நாடகம் மதியம் 2 மணிவாக்கில் தொடங்கும். வெளிச்சம் வேண்டுமே! முக்கியமான சாப்பாடு அதற்கு முன்பே, உச்சிப்பொழுதில் முடிந்திருக்கும். 18-ஆம் நூற்றாண்டில் நாடகம் மாலை 6 மணிப் பக்கம் நகர்ந்தது. டின்னரும் பின்னாலேயே நகர்ந்தது. கனவான்கள் சாப்பிட்டு முடித்துச் சாவகாசமாக வருவார்கள். அதற்கென்றே ஓர் ஏற்பாடு இருந்தது. மூன்றாம் அங்கம் முடிந்த பிறகு வந்தால் பாதிக் கட்டணம். அதாவது தாமதமாக வருவது அந்தக் காலத்தில் குற்றம் இல்லை, ஒரு டிக்கெட் வகை.

1763-இல் ட்ரூரி லேன் அரங்கை நடத்திய டேவிட் கேரிக் இந்தப் பாதிக் கட்டணத்தை எடுக்கப் பார்த்தார். கலவரமே வந்துவிட்டது. பெஞ்சுகளை உடைத்தார்கள், விளக்குகளை நொறுக்கினார்கள். கடைசியில் இறங்கி வந்தவர் கேரிக்தான். 'தாமதமாக வருபவர்கள் தகுந்த இடைவேளை வரும்வரை அனுமதிக்கப்படமாட்டார்கள்' என்று இன்றைய டிக்கெட்டில் போட்டிருப்பதை அந்தக் கூட்டம் பார்த்திருந்தால் என்ன செய்திருக்கும் என்று அவ்வப்போது நினைத்துப் பார்ப்பதுண்டு.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வசதியானவர்கள் இதற்கு வேறு வழி கண்டார்கள்: நாடகம் முடிந்த பிறகு 'சப்பர்'. சவாய் ஓட்டலின் கதை முழுக்க இதுதான். ரிச்சர்ட் டாய்லி கார்ட் 1881-இல் சவாய் தியேட்டரைக் கட்டினார். கில்பர்ட், சல்லிவன் இருவரின் இசை நாடகங்கள் கொண்டுவந்த லாபத்தில் பக்கத்திலேயே 1889-இல் ஓட்டலைத் திறந்தார். சமையலறைக்கு எஸ்காஃபியே வந்தார். கோவன்ட் கார்டன் ஆப்பராவில் பாடிய நெல்லி மெல்பாவுக்காக அவர் செய்ததுதான் 'பீச் மெல்பா'. செயின்ட் மார்ட்டின்ஸ் கோர்ட்டில் 1896-லிருந்து இருக்கும் ஷீக்கீஸ் மீன் உணவகம் சொல்லும் கதையும் இதே ரகம். சாலிஸ்பரி பிரபு, நாடகத்துக்குப் பிறகு தான் கொடுக்கும் விருந்துகளுக்குச் சாப்பாடு தரவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அங்கே கடை போட அனுமதித்தாராம். சொந்தக் குதிரை வண்டியும், மறுநாள் வேலைக்குப் போகவேண்டாத சௌகரியமும் இருப்பவர்களுக்கு இது சரி. கடைசி ரயிலைப் பிடித்துப் புறநகருக்குப் போகிறவர்களுக்கு? அவர்கள் முன்னாடியே சாப்பிட்டாக வேண்டும்.

அந்த முன்னாடியே சாப்பிடும் கூட்டத்துக்காக உருவானதுதான் 'ப்ரீ தியேட்டர் மெனு'. இரண்டு அல்லது மூன்று வகை சாப்பாடு, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தேர்வு மட்டும், விலை நிர்ணயமாக இருக்கும். ஐந்து மணியிலிருந்து ஆறரை வரைக்கும்தான் பெரும்பாலும் கிடைக்கும். விலை குறைவு என்பதால் இதைத் தள்ளுபடி என்று நினைக்கிறோம். உண்மையில் இது ஓர் ஒப்பந்தம். ஓட்டலுக்கு ஐந்திலிருந்து ஏழுவரை மேசைகள் காலியாகக் கிடக்கும் நேரம். நாடகம் பார்க்க வருபவன் ஏழு மணிக்குள் கட்டாயம் எழுந்துவிடுவான். அவனை யாரும் விரட்ட வேண்டியதில்லை. அதே மேசையை ஏழரைக்கு இன்னொருவருக்குக் கொடுக்கலாம். அதற்குப் பதிலாக அவர்கள் நமக்குக் கொடுப்பது வேகம்.

வேகம் எங்கிருந்து வருகிறது என்று மெனுவைப் பார்த்தாலே தெரியும். சூப், முன்பே செய்து குளிரவைத்த டெரீன், மணிக்கணக்கில் மெதுவாக வெந்து தயாராக இருக்கும் இறைச்சி, அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் போதும் என்கிற பை. எல்லாம் முன்கூட்டியே முடித்த வேலை. சுஃப்ளே இருக்காது. ஆர்டர் கொடுத்தபின் இருபது நிமிடம் கிளறவேண்டிய ரிசோட்டோ அநேகமாக இருக்காது. எங்கள் துறையில் 'கேஷ்' என்று சொல்வதும் இதைத்தான். கேட்டபின் கணக்குப் போடாதே, கேட்பதற்கு முன்பே போட்டு வை. பெரிய மெனு அட்டையிலிருந்து ஆசைப்பட்டு ஒன்றை வரவழைத்தால் நீங்கள் அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மூணு பேர் செட் மெனுவும் ஒருத்தர் தனி ஐட்டமும் சொன்னால் மொத்த மேசையும் அந்த ஒருத்தருக்காகக் காத்திருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். பின்னாலிருந்து எண்ண வேண்டும். 7:30-க்குத் திரை. 7:20-க்கு இருக்கையில் இருக்க வேண்டும். ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் உள்ள அரங்குகளைப் பாருங்கள்: லிரிக் 1888, அப்பல்லோ 1901, இன்று கீல்குட் என்று அழைக்கப்படுவது 1906. எல்லாம் பழைய கட்டடங்கள். முன்கூடம் சின்னது, படிகள் குறுகல், கழிப்பறைகள் போதாது. வாசலில் பையைச் சோதிப்பார்கள். ஆகவே 7 மணிக்கு வாசலில் நிற்பது உத்தமம். பத்து நிமிட நடை என்றால் 6:50-க்கு ஓட்டலை விட்டுக் கிளம்ப வேண்டும்.

இரண்டு வகை சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போதும் என்று வைத்துக்கொண்டால் 5:50-க்கு மேசை கிடைத்தால் சரிதானே? இங்கேதான் சராசரி நம்மை ஏமாற்றும். அந்தத் தெருவில் உள்ள அத்தனை பேரும் அதே கணக்கைப் போட்டு, அதே 5:45, 6 மணிக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். வரிசைக் கோட்பாட்டில் மிக எளிய மாதிரி ஒன்று உண்டு: ஒரே கவுண்ட்டர், ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள். அந்தக் கவுண்ட்டர் தன் திறனில் 50 சதவீதம் வேலை செய்தால் சராசரியாக ஒருவர் உள்ளே இருப்பார். 80 சதவீதம் என்றால் 4 பேர். 90 என்றால் 9 பேர். வேலை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, வரிசை ஒன்பது மடங்கு! சமையலறை அப்படியே இந்த மாதிரிக்குள் அடங்காதுதான், ஆனால் நிரம்பி வழியும் நேரத்தில் அதன் போக்கு இதுவே. 5:15-க்கு உட்காருபவருக்குச் சூப் பத்து நிமிடத்தில் வரும். ஆறு மணிக்கு உட்காருபவருக்கு அதே சூப் முப்பது நிமிடம் எடுக்கலாம். அரை மணி முன்னால் போவதால் கிடைப்பது அரை மணிக்கும் அதிகம்.

இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. எப்போதும் எழுபது நிமிடம் எடுக்கும் ஓட்டல், வழக்கமாக நாற்பத்தைந்து நிமிடத்தில் முடித்து என்றைக்காவது நூறு நிமிடம் இழுக்கும் ஓட்டலைவிட மேல். மற்ற நாட்களில் நான் இரண்டாவதற்குத்தான் போவேன். நாடக நாளில் போகமாட்டேன். புதிதாகத் திறந்த, எல்லாரும் புகழ்கிற கடையும் அன்றைக்கு வேண்டாம். முன்பதிவு எடுக்காமல் வாசலில் வரிசை நிற்கவைக்கும் இடம் எவ்வளவு ருசியானாலும் வேண்டாம். பல வருஷமாக நாடகக் கூட்டத்தையே நம்பிப் பிழைக்கும் சுமாரான இடம் இருக்கிறதே, அதுதான் தோது. அங்கே சர்வருக்கே எந்தத் தியேட்டரில் எத்தனை மணிக்குக் காட்சி என்று தெரியும்.

தூரத்தை நிமிடத்தில் அளக்க வேண்டும், சுரங்க ரயிலை இதில் சேர்க்கக்கூடாது. கோவன்ட் கார்டன் நிலையத்துக்கும் லெஸ்டர் ஸ்குவேருக்கும் இடையே 300 மீட்டர்கூட இல்லை. மொத்த வலையமைப்பிலேயே மிகக் குறைந்த தூரம் அதுதான். ஆனால் கோவன்ட் கார்டனில் லிஃப்டுக்குக் காத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் 193 படி. சாப்பிட்ட வயிற்றோடு 193 படி!

இதெல்லாம் என்னைப் போன்ற ஒருவனுக்குப் பொழுதுபோக்குக் கணக்கு. என் அப்பா, அம்மா இங்கே வந்திருந்தபோது அப்படி இல்லை. அவர்களை லைசியம் தியேட்டரில் 'லயன் கிங்' பார்க்கக் கூட்டிப்போக நினைத்தேன். தொடக்கப் பாட்டிலேயே யானை, பறவை எல்லாம் பார்வையாளர்கள் நடுவே நடந்து மேடைக்கு வரும். அதைத் தவறவிட்டால் கொடுத்த காசில் பாதி போச்சு. அப்பாவுக்குச் சர்க்கரை, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின். ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கும். ஒன்றுமே சாப்பிடாமல் பத்தரை வரை உட்காருவதும் அவருக்கு ஆகாது. அம்மா சுத்த சைவம், முட்டைகூட இல்லை. ஐந்தேகாலுக்கு டின்னர் என்றதும் அப்பா கேட்டார்: "ஏம்ப்பா, இது ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு நேரமால்ல இருக்கு?"

அதனால் அதை டின்னர் என்று சொல்வதையே விட்டேன். டிபன் என்றேன். உடனே இரண்டு பேருக்கும் உடன்பாடு! கோவன்ட் கார்டன் பக்கம் தோசை கிடைக்கும் சைவ ஓட்டல் ஒன்றில் 5:15-க்கு மேசை சொன்னேன். லைசியத்துக்கு ஐந்து நிமிட நடை. போனதும் சர்வரிடம் முதல் வார்த்தையே, "ஏழரை ஷோ, ஆறே முக்காலுக்குக் கிளம்பணும்." தட்டு மேசைக்கு வந்தபிறகே ஊசி என்று அப்பாவின் மருத்துவர் சொல்லியிருந்தார், அப்படியே செய்தோம். தோசை ஒருவகையில் உலகின் சிறந்த ப்ரீ தியேட்டர் சாப்பாடு. மாவு நேற்றே அரைத்தது, சாம்பார் காலையிலேயே ஆச்சு, கல்லில் மூன்று நிமிடம். எஸ்காஃபியேகூட இதில் குறை சொல்ல முடியாது.

சாப்பாட்டைவிட அதிகம் தாமதிப்பது பில். சாப்பிட்டு முடித்து, கை காட்டி, பில் வந்து, சர்வர் போய், கார்டு மெஷினைத் தேடிக்கொண்டு திரும்பி வருவதற்குள் பதினைந்து நிமிடம் ஓடிவிடும். முக்கிய உணவு மேசைக்கு வரும்போதே பில்லைக் கேட்டுவிடுங்கள். இங்கே அதை யாரும் மரியாதைக்குறைவாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். சேவைக் கட்டணம் 12.5 சதவீதம் பெரும்பாலும் சேர்த்தே வரும், பார்த்துவிட்டுக் கொடுங்கள். இனிப்பை விட்டுவிடலாம். இடைவேளையில் சின்ன டப்பாவில் ஐஸ்கிரீம் விற்பார்கள், மூடிக்குள்ளேயே கரண்டி இருக்கும். விலையைப் பார்க்காமல் வாங்கவேண்டும், அது ஒரு சடங்கு. ஆனால் இடைவேளையே இல்லாத தொண்ணூறு நிமிட நாடகங்களும் இப்போது நிறைய. டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொண்டால் வயிற்றையும் அதற்கேற்ப தயார் செய்யலாம்.

இந்தக் கணக்கையெல்லாம் சென்னையில் யாரும் போடுவதில்லை. மார்கழியில் சபா வளாகத்துக்குள்ளேயே கேண்டீன் இருக்கும். நடை தூரம் சுழி, தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்துபோகிறவர்களை வித்வான்கள் காலங்காலமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். கேரிக்கின் ரசிகர்களுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருக்கும்.

வயதானவர்கள், குழந்தைகள், மருந்து நேரம் என்று ஏதாவது இருந்தால் நான் இப்போது மதியக் காட்சியைத்தான் சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, பொதுவாக 2:30-க்கு இருக்கும். பன்னிரண்டரைக்குச் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு மணிக்கு நிறையும் கூட்டத்துக்கு முன்பே நம் ஆர்டர் போய்விடும். ஐந்து, ஐந்தரைக்கு வெளியே வந்தால் ராத்திரிச் சாப்பாடு வீட்டில், எட்டரைக்கு, ரசம் சாதத்தோடு.