ஸ்பீக்கர்ல ‘ம்ம்ம்’ சத்தம்: கரன்ட் மேல பழி போடலாமா?

செஞ்சியில இருந்து சீயமங்கலம் பக்கம் போனா, வயல்ல கிணத்து மோட்டார் ஓடுறதைப் பார்க்கலாம். ஒரு மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில், வழக்கமா எடுக்கிறதைவிட 5, 6 மடங்கு கரன்ட் இழுக்கும். பக்கத்து வீட்ல லைட் மங்கும். “இந்த கரன்ட்ல ஆம்ப்ளிஃபயர் எப்படிங்க நல்லா பாடும்?” இதுதான் இன்னைக்குக் கேள்வி.

முதல்ல வோல்டேஜ். நம்ம வீட்டு சப்ளை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். விதிப்படி 6% கூடலாம், குறையலாம். டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து தூரமா இருக்கிற வீட்ல இன்னும் இறங்கும். ப்ளூடூத் ஸ்பீக்கரோட அடாப்டரைத் திருப்பிப் பாருங்க, பெரும்பாலும் 100–240 வோல்ட்னு போட்டிருக்கும். அதுக்குக் கவலையே இல்ல. டிரான்ஸ்ஃபார்மர் வச்ச பழைய ஆம்ப்ளிஃபயர்ல வோல்டேஜ் 10% குறைஞ்சா, அதிகபட்ச பவர் சுமார் 19% குறையும். கேட்க பெருசா இருக்கு; ஆனா காதுக்கு அது ஒரு டெசிபல்கூட இல்ல. ஃபுல் வால்யூம் வச்சா மட்டும் சத்தம் கொஞ்சம் சீக்கிரமே உடையும்.

அப்போ அந்த ‘ம்ம்ம்’ எங்கிருந்து வருது? அது எப்போ வருதுன்னு கவனிங்க.

ஆம்ப்ளிஃபயர்ல இருந்து இன்புட் கேபிள் எல்லாத்தையும் கழட்டின பிறகும் வருதா? உள்ள இருக்கிற ஃபில்டர் கபாசிட்டர் வயசாகியிருக்கலாம். ஏசியை டிசியா மாத்தும்போது மிஞ்சுற 100 ஹெர்ட்ஸ் அலையை அதால வடிகட்ட முடியல. மெக்கானிக்கிட்ட காட்டுங்க.

கம்ப்யூட்டரையோ டிவி கேபிளையோ இணைச்சதும் வருதா? அது எர்த் லூப். ரெண்டு கருவியும் ரெண்டு வழியா எர்த்தைத் தொடுது. நடுவுல ஆடியோ கேபிள் வழியா கரன்ட் சுத்துது. ரெண்டையும் ஒரே பிளக் போர்டுல மாட்டிப் பாருங்க. அப்பவும் நிக்கலைன்னா, ஆடியோ கேபிளுக்கு நடுவுல ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம்.

கரன்ட் கட் ஆனா மட்டும் ‘ஜ்ஜ்’னு வருதா? உங்க இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் ரகமா இருக்கலாம். அதுல 50 ஹெர்ட்ஸோட 150, 250ன்னு வரிசையா கலந்து வரும். ஃபேனும் சேர்ந்து முனகும். இதுக்கு சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் தீர்வு.

இந்த மூணுல எதையும் சாதாரண ஸ்டெபிலைசர் சரி பண்ணாது.

கடைசியா, முக்கியமானது. “பிளக்ல அந்தப் பெரிய பின்னை உடைச்சிடு, சத்தம் நின்னுடும்”னு சொல்வாங்க. எர்த் லூப்னா நிஜமாவே நிக்கும். ஆனா நாளைக்கு உள்ள ஒரு வயர் மெட்டல் பாடியைத் தொட்டா, அந்தப் பாடி முழுக்க 230 வோல்ட் நிக்கும், ஃபியூஸும் போகாது. வால்யூமைத் திருப்பப் போற கைதான் எர்த் ஆகும். அந்தப் பின்னை விட்டுடுங்க. வீட்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லைன்னா, புது ஸ்பீக்கருக்கு முன்னாடி அதை வாங்குங்க.