எம்சிபி ட்ரிப் ஆகவில்லை, ஆனால் பிளக் உருகியது: எப்படி?

டெல்லியில் ஒரு ஜனவரி இரவு. என் வாடகை அறையில் 2,000 வாட் ஹீட்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென பிளாஸ்டிக் கருகும் வாடை. ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கினால், சாக்கெட்டின் ஒரு துளை பழுப்பேறி இளகிப் போயிருந்தது. அதைவிட ஆச்சரியம், எம்சிபி அசையவே இல்லை. 'ஏதாவது பிரச்னைன்னா அதுவே ஆஃப் ஆயிடும்' என்று நம்பித்தானே தூங்கப் போகிறோம்?

விடை, பள்ளியில் மனப்பாடம் செய்த ஓம் விதியில் இருக்கிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஓம் 1827இல் வெளியிட்டது: மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. மொட்டைமாடி டேங்கை நினைத்துக்கொள்ளுங்கள். டேங்கின் உயரம் தரும் அழுத்தம்தான் வோல்டேஜ். குழாயில் ஓடும் தண்ணீர் கரண்ட். குழாயின் குறுகல் ரெசிஸ்டன்ஸ்.

இப்போது கணக்குக்கு வருவோம். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். 2,000 வாட் ஹீட்டர் இழுக்கும் கரண்ட், 2000 ÷ 230 = 8.7 ஆம்பியர். ஹீட்டரின் மின்தடை சுமார் 26.5 ஓம். 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது சாதாரணம். ஆனால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. முதல் தப்பு அங்கேயே நடந்துவிட்டது (ஆமாம், என் தப்புதான்).

எம்சிபி ஏன் சும்மா இருந்தது?

பழைய சாக்கெட்டில் பின் லூஸாக உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தில் வெறும் 0.5 ஓம் தடை கூடியதாக வைத்துக்கொள்வோம். மொத்தத் தடை 27 ஓம் ஆகிறது, கரண்ட் 8.5 ஆம்பியராகக் குறைகிறது. எம்சிபி பார்ப்பது கரண்ட் கூடுகிறதா என்பதை மட்டும்தான். இங்கே கரண்ட் குறைந்திருக்கிறது, அது எதற்கு ட்ரிப் ஆக வேண்டும்? ஆர்சிசிபி இருந்தாலும் பயனில்லை. அது கசிவைத்தான் கவனிக்கும், இங்கே எதுவும் கசியவில்லை.

ஆனால் அந்த லூஸ் காண்டாக்டில் உருவாகும் வெப்பம், கரண்டின் வர்க்கம் × தடை. அதாவது 8.5 × 8.5 × 0.5 = 36 வாட். கேட்க சின்ன எண்தான். மொபைல் சர்வீஸ் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் பல நேரம் 25 வாட்தான்! அதைவிட அதிக வெப்பம் ஒரு பின் முனையில் மணிக்கணக்கில் சேர்கிறது. சூட்டில் உள்ளே இருக்கும் உலோகப் பட்டை இன்னும் தளரும், தடை கூடும், சூடும் கூடும்.

அதே லூஸ் சாக்கெட்டில் 20 வாட் போன் சார்ஜர் போட்டால்? கரண்ட் 0.1 ஆம்பியர்கூட இல்லை; வெப்பம் 5 மில்லிவாட்டுக்கும் கீழே. அதனால்தான் 'இத்தனை வருஷமா இதுலதானே சார்ஜ் போடுறேன்' என்ற வாதம் ஹீட்டருக்குச் செல்லாது.

ஹீட்டர், கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் சுவரில் உள்ள 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்டில் நேரடியாக. பெரிய பின்னைச் சின்ன சாக்கெட்டில் செருக உதவும் கன்வெர்ட்டர் வேண்டாம். அரை மணி நேரம் ஓடியபின் ஆஃப் செய்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுட்டால் சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள். எம்சிபி அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று யாராவது '32 ஆம்பியர் போட்டுடலாம் சார்' என்றால், சுவருக்குள் இருக்கும் ஒயர் அந்த 32 ஆம்பியரைத் தாங்குமா என்று முதலில் கேளுங்கள்.