தழும்பும் கைப்பேசியும்

சாத்தூர் என்றவுடன் காராச்சேவும் வெள்ளரியும் நினைவுக்கு வரும். அவ்வூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலே பட்டாசுத் தொழிலால் பிழைப்போர் பலர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நேர்ந்தது போன்ற வெடிவிபத்துகள் உயிர்களைக் கொள்ளை கொள்வதோடு, பிழைத்தவர் உடலில் தழும்பையும் விட்டுச் செல்கின்றன. அத்தழும்பைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தீப்புண் ஆறிய தழும்பில், பெரும்பாலும் பல்லாண்டுகள் கழித்து, அரிதாகத் தோல் புற்றுநோய் தோன்றுவதுண்டு. தழும்பில் எழும் புண்ணை 1828-இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மார்ஜோலின் பெயராலேயே அது வழங்குகிறது. ஆறாத புண், தடித்த விளிம்பு, குருதிக் கசிவு ஆகியவை அதன் அடையாளங்கள். அறுவைச் சிகிச்சையால் குணமடைந்த பின்னும் அந்நோய் மீளக்கூடும். ஆகவே தோலையும், அருகே நெறிகட்டும் இடங்களையும் தவறாது கவனித்து வரவேண்டும்.

இதற்குத்தான் கைப்பேசிச் செயலி துணையாகிறது. ஒரே வெளிச்சத்தில், ஒரே தொலைவில் மாதந்தோறும் எடுத்த படங்களை அடுத்தடுத்து வைத்து நோக்கினால், நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தப்பிய மாற்றமும் புலனாகும். மருத்துவரைக் காணவேண்டிய நாளையும் அது நினைவூட்டும்.

தடைகள் யாவை? வெந்த விரலில் ரேகை சிதைந்திருந்தால், ரேகை கேட்கும் கைப்பேசி தன் உடையவரையே அந்நியராக்கிவிடும். பட்டாசு ஆலைக்குள் கைப்பேசி கொண்டு செல்லக் கூடாது. ஆதலால் பகலில் ஒலிக்கும் நினைவூட்டல் தொழிலாளியின் செவிக்கு எட்டாது. வீட்டுக்கு ஒரே கைப்பேசி என்றால், பெண்ணொருத்தி தன் தோளின் படத்தை அதில் வைத்திருக்கக் கூசுவாள். ஆங்கில எச்சரிக்கையோ அம்மொழி அறியாதார்க்குப் பயன்படாது.

இவற்றினும் நுட்பமான தடை ஒன்றுண்டு. படத்தைக் கண்டு நோயை ஊகிக்கும் கணினி நிரல்கள் பல, பெரும்பாலும் வெளிர்நிறத் தோலின் படங்களைக் கொண்டே பயிற்சி பெற்றவை. கருநிறத் தோலில் அவற்றின் திறன் குன்றுவதை ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர் 2022-இல் எடுத்துக் காட்டினர். "அச்சமில்லை" என்று திரை சொன்னதை நம்பி ஒருவர் வீட்டிலிருந்துவிட்டால், அத்தாமதமே ஆபத்தாகும்.

என் கருத்தில், நல்ல செயலி தமிழ்க் குரலில் பேசவேண்டும், மாலையில் அழைக்கவேண்டும், ரேகைக்கு மாற்றாக இரகசிய எண்ணை ஏற்கவேண்டும், முடிவு கூறாமல் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். மாற்றத்தைக் காட்டக் கைப்பேசி போதும். அது இன்னதெனத் துணிய, சிறு துணுக்குத் தசையை எடுத்துச் சோதித்தாக வேண்டும்.

மாணவர்களே, கைப்பேசியைக் கையாள்வதில் நீங்கள் வல்லவர்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழைய தீத்தழும்பு உடைய பெரியவர் இருந்தால், அவர் இசைவோடு படமெடுத்துக் கொடுங்கள். அத்தழும்பில் சில வாரங்களாக ஆறாத புண் இருப்பின், அடுத்த படத்துக்குக் காத்திராமல் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.